பெண் மரம் காய்த்தது

அன்புள்ள உங்களுக்கு,

நான் சௌக்கியம். நீங்கள் போன் செய்தபோதெல்லாம் காட்டில் இருந்தேன். அங்கே சிக்னல் கிடையாது.

போனக்காடு தேயிலைத் தோட்டத்துக்கு மேலே நிற்கும் எங்கள் மரம் ஞாபகம் இருக்கிறதா? அந்த இனத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான் என்று எங்கள் ஆராய்ச்சி நிலையமே நம்பியிருந்தது. பெண் மரம். வருஷா வருஷம் பூத்து உதிரும், காய்க்காது. "பட்டுப்போற மரத்துக்காக நீ ஏன் இங்கே ஒக்காந்திருக்கணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் நீங்கள் டெல்லிக்கு ரயில் ஏறினீர்கள்.

சென்ற மாசியில், இரண்டு மலை தாண்டி ஓர் ஆண் மரத்தைக் கண்டுபிடித்தோம். என்னோடு ஆராய்ச்சி செய்யும் ஜெபமலர் அதன் மகரந்தத்தைக் கொண்டுவந்து, பெண் மரத்தில் கயிறு கட்டி ஏறி, ஒவ்வொரு பூவிலும் தூரிகையால் தடவினாள். நேற்று மறுபடியும் ஏறினாள். ஒவ்வொரு கிளையாகப் பார்த்துவிட்டு மேலிருந்து கத்தினாள்.

"மேடம், காய் புடிச்சிருக்கு, கேட்டியளா? கொப்பெல்லாம் காய்."

அட்டை ஊரும் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

இன்று ஆபீசில் எல்லோருக்கும் பாயசம். விதைகளை முளைக்க வைக்கும் பொறுப்பை டைரக்டர் என்னிடமே கொடுத்துவிட்டார்.

நீங்கள் எனக்காகப் பார்த்துவைத்த டெல்லி வேலை நல்ல வேலைதான். வேண்டாம் என்று காலையிலேயே அவர்களுக்கு எழுதிவிட்டேன்.

காய் பழுக்கும்போது மலைக்கு வாருங்கள். உங்களுக்கு அந்த மரத்தை நானே காட்டுகிறேன்.

இன்னமும்
உங்கள் ஆத்துக்காரி
கரமனை வீட்டிலிருந்து