மடுவில் விட்ட மீன்

மே 24, சனி

கல்லூரியில் இன்று முழுக்கக் கரண்ட் கிடையாது, மாதாந்திரப் பராமரிப்பு. காற்று பம்பு ஓடாமல் தொட்டித் தண்ணீர் கெட்டால் மீனின் செவுளில் இருக்கும் புழு செத்துவிடும். ஆராய்ச்சிக்கு எனக்குப் புழு உயிரோடு வேண்டும். அதனால் மிச்சமிருந்த ஒரு டேங்க் கிளீனர் மீனை நேற்றே மூடிபோட்ட வாளியில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுக் குளியலறையில் மீன்! மாமியார், "அந்த வாளி தளிகையுள் பக்கம் வரப்படாது" என்று சமையலறைக்கு மட்டும் தடை போட்டு விட்டுவிட்டார். மாமனார்தான் (நான் கூப்பிடுவது அப்பா என்று) மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத என்ன பண்ணுவே, வைதேஹி?"

"திங்கக்கிழமை அறுத்துப் பாக்கணும்ப்பா."

மே 25, ஞாயிறு

வாளி காலி.

தினமும் போல விடியற்காலையில் காவிரியில் தீர்த்தமாடப் போகும்போது அப்பாவே எடுத்துப் போய் அம்மா மண்டபத்துப் படித்துறையில் விட்டுவிட்டாராம். "ஜீவனாச்சேம்மா. தெரிஞ்சுண்டே எப்படி சாக அனுப்பறது?" சிரித்த முகத்தோடு சொல்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து வண்ணமீன் கடையில் இதோடு வாங்கிய மற்ற மீன்களைப் போன வாரம்தான் அறுத்தேன். எல்லாவற்றின் செவுளிலும் அந்தப் புழு. ஆற்று மீன் எதிலும் நான் இதுவரை பார்க்காதது. ஒரு மீனிலிருந்து இன்னொரு மீனுக்கு நேராகத் தாவும். இனி காவிரியில்?

நேற்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா நான்? அப்பாவைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. புண்ணியம் பண்ணிவிட்டதாக நினைத்து வந்து நிற்பவரிடம் என்ன சொல்ல?

மே 26, திங்கள்

வழிகாட்டி சார் அறை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். கோழை.

மே 30, வெள்ளி

அந்த மீனின் வாலில் ஒரு துணுக்கு வெட்டி மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருந்தேன். முடிவு வந்துவிட்டது. காவிரியில் ஏற்கெனவே திரியும் டேங்க் கிளீனர்களின் வம்சம் இல்லை இது. ஏதோ பண்ணையிலிருந்து புதிதாக வந்த வேறு வம்சம். புழுவும் அப்படித்தான் வந்திருக்கும். "ஆத்துல முன்னாடியே இருந்திருக்கும்" என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன் — அதுவும் போச்சு.

வழிகாட்டி பாக்கியநாதன் சாரிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மேட்டூர் எப்பம்மா தொறக்கறாங்க?"

"ஜூன் பன்னெண்டுன்னு பேச்சு, சார்."

"இப்ப படித்துறைக்கிட்ட மடு மட்டும்தானே கெடக்கு? தண்ணி வர்றதுக்குள்ள அத புடிச்சிடும்மா. அப்புறம் நம்ம கையில இல்ல."

சார் பயந்து நான் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது.

ஜூன் 2, திங்கள்

வலைக்காரர் மதுரைவீரன் அண்ணனைப் பிடித்தேன். அவருக்கு டேங்க் கிளீனர் என்றாலே ஆகாது, முள் வலையைக் கிழித்துவிடும். "மத்தவங்க அதைக் கரையில தூக்கி எறிவாங்க, நீங்க தேடறீங்களேங்க?" என்று கிண்டல் வேறு. மாட்டியவற்றுக்கெல்லாம் வால் முழுசாக இருந்தது. நான் வெட்டிய வால் இல்லை.

ஜூன் 7, சனி

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பக்குவமாகச் சொல்ல நினைத்து உளறிக் கொட்டினேன். "அந்தப் புழு நம்மூர் கெளுத்திக்கு வந்தா, மூச்சு விட முடியாம செத்துப்போகும்ப்பா."

காபி டம்ளரைக் கீழே வைத்தார். "விட்ட எடம் எனக்குத்தானே தெரியும். நான் வந்து காட்டறேன்" என்றார். ஐயோ, சொல்லியிருக்க வேண்டாமோ?

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் திறந்தாச்சு. டிவியில் தண்ணீர்மேல் பூத் தூவுகிறார்கள். ஊரே சந்தோஷப்படுகிறது, நான் மட்டும் தண்ணீர் ஸ்ரீரங்கம் வர எத்தனை நாள் என்று எண்ணுகிறேன்.

ஜூன் 14, சனி

கிடைத்துவிட்டது!

வாழ்நாளில் மீனைத் தொட்டறியாத அப்பா முழங்கால் தண்ணீரில் நின்று வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாலில் என் வெட்டு அப்படியே தெரிந்தது. வாளியை யாரிடமும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கல்லூரிவரை வந்தார்.

"இதுக்கு வலிக்குமோ?"

"மயக்க மருந்து கலந்த தண்ணில விடுவேன்ப்பா. தெரியாது."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ ஜபித்துக்கொண்டிருந்தார். அறுத்துப் பார்த்தேன், செவுளில் புழு அப்பியிருந்தது. "புழு எல்லாம் இதுலயே இருந்துதா?" என்றார். "இருந்துதுப்பா" என்றேன். இத்தனை நாளில் இன்றைக்குத்தான் இரண்டு பேரும் சிரித்தோம்.

அதே வலையில் வந்த நாட்டுக் கெளுத்தி ஒன்றையும் ஐஸில் வைத்திருக்கிறேன். சும்மா ஒரு நிச்சயத்துக்கு.

ஜூன் 15, ஞாயிறு

தண்ணீர் வந்துவிட்டது. மடு இருந்த இடமே தெரியவில்லை.

ஜூன் 16, திங்கள்

கெளுத்தியை அறுத்தேன். அதே புழு.

சார் குனிந்து நுண்ணோக்கியில் பார்த்தார். மறுபடி பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் அப்பா என் முகத்தை ஒருதரம் பார்த்தார், அவ்வளவுதான், அவருக்குப் புரிந்துவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

காவிரி இரு கரையும் தொட்டு ஓடுகிறது. அப்பா இன்று குழாய்த் தண்ணீரில் குளித்தார்.