கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஓடியவள்

டிசம்பர் 6, வெள்ளி

காலையில் கீழ் வீட்டுக் கோமளம் மாமி மாடி ஏறி வந்தார். கொலுவுக்கு அழைப்பதற்கு மட்டும்தான் அவர் மாடி ஏறுவது வழக்கம்.

"ரகுபதி, தப்பா எடுத்துக்கப்படாது. தெனம் விளக்கேத்தற நேரத்துக்கு உங்காத்துல என்னத்தப் போட்டு இடிக்கறேள்? எங்காத்து ஃபேன் ஆடறது."

நான் ரத்னாவைப் பார்த்தேன். ரத்னா என்னைப் பார்த்தாள். வீட்டில் இடிக்கக்கூடிய பெரிய பொருள் நான் ஒருவன்தான். அந்த நேரத்தில் நான் தி.நகர் கடையில் யாருக்காவது பேன்ட் துணி விரித்துக் காட்டிக்கொண்டிருப்பேன்.

மகள் அன்பு ரூமிலிருந்து வந்தாள். "நான்தான் மாமி. ஓடறேன்."

"எங்கடி ஓடறே?"

"ரூம்லதான்."

கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற இடம். ஆபீசுக்குப் பெருங்குடி வரை போய்விட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த இடத்தில் அங்கேயும் இங்கேயும் ஓடியிருக்கிறாள். ரெண்டு மாதமாக! பெற்ற எங்களுக்குத் தெரியாது, கீழ் வீட்டு ஃபேனுக்குத் தெரிந்திருக்கிறது.

வெளியில் ஓட வேண்டியதுதானே என்றேன்.

"பாப்பாங்கப்பா."

"பாத்தா என்ன?"

"நான் ஓடினா எப்படி இருக்கும்னு எனக்கே தெரியும். விடுங்க."

என் உடம்பு வாகு அப்படியே அவளுக்கு. சொத்து என்று நான் கொடுத்தது அது ஒன்றுதான்.

டிசம்பர் 8, ஞாயிறு

யோசித்துப் பார்த்தேன். பத்தாவதில் வாலிபால் ஆடினாள். எவனோ எதுவோ சொன்னான், விட்டுவிட்டாள். காலேஜில் டான்ஸ் குழுவில் சேர்ந்தாள். கடைசி வரிசையில் நிற்கச் சொன்னார்கள், அதையும் விட்டுவிட்டாள். இப்போது ஓட்டம். இதை யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் கூப்பிடவுமில்லை. அவளாகவே, பீரோ கண்ணாடிக்கு முன்னால் ஆரம்பித்தது. இதுவும் போய்விடக் கூடாது. இது போனால் அப்புறம் எதையும் ஆரம்பிக்கவே மாட்டாள் என்று தோன்றுகிறது.

ஒரு யோசனை. நானும் கூட ஓடினால்? என் தொப்பைக்குப் பக்கத்தில் யார் ஓடினாலும் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். சிரிக்கிறவன் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டுமே!

சொன்னேன். "ஆள் நடமாட்டம் இல்லாத நேரமா இருந்தா வரேன்" என்றாள்.

பதினாறாம் தேதி திங்கள், விடியற்காலை நாலரை என்று முடிவாயிற்று. அந்த நேரத்துக்கு மயிலாப்பூரில் நாய்கூட எழுந்திருக்காது.

டிசம்பர் 12, வியாழன்

மழை. புது ஷூ போட்டு ஹாலில் நடந்து பார்த்தேன். "மாப்பிள்ளை அழைப்பு மாதிரி இருக்கு" என்றாள் ரத்னா.

டிசம்பர் 16, திங்கள்

நாலரைக்குக் கதவைத் திறந்தால் தெருவே விழித்திருக்கிறது. மார்கழி ஒண்ணாம் தேதி! ஒரு மனுஷனுக்கு அதுகூடவா மறக்கும்? இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு?

வாசலுக்கு வாசல் பெண்கள் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒலிபெருக்கியில் பாசுரம். கோயிலுக்குப் போகிற கூட்டம். அன்பு பின்வாங்கப் பார்த்தாள். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். நாலாவது எட்டில் கோமளம் மாமியின் கோலத்தில் கால் வைத்தேன்.

"ரகுபதி! குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே விட்டுடுத்து, பாத்து வரப்படாதா!"

தெரு முனையில் மெஹபூப் பாஷா, முப்பது வருஷப் பழக்கம், ஆட்டோவை ஸ்டார்ட்டே பண்ணிவிட்டார். "இன்னா ரகு, யாருக்கு இன்னா ஆச்சு? ஏறு ஏறு, எந்த ஆஸ்பத்திரி?" என் வயதில் ஒருவன் ஓடினால் அதற்கு ஆஸ்பத்திரி தவிர வேறு காரணம் இருக்க முடியாது என்று ஊர் நினைக்கிறது.

மாட வீதி திரும்பினால் எதிரே பஜனை கோஷ்டி. ஹார்மோனியம், மிருதங்கம் எல்லாம் நேரே என்னைப் பார்த்து வருகிறது. என்ன செய்வது? சட்டென்று கைகூப்பிக் கோஷ்டியில் கலந்துவிட்டேன். யாரோ கையில் ஜால்ரா கொடுத்தார்கள். ஒரு சுற்று முழுக்க வந்து, பொங்கல் வாங்கிக்கொண்டுதான் வெளியே வர முடிந்தது.

அன்பு கோயில் சுவரோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து! இதுதான் வழி என்று பிடித்துக்கொண்டேன்.

டிசம்பர் 18, புதன்

தப்பு. பெரிய தப்பு.

நேற்று கச்சேரி ரோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு சல்யூட் அடித்துக்கொண்டே ஓடினேன். சிரித்தார்கள். இன்றைக்கு எனக்காகவே இன்னும் நாலு பேர் வந்து காத்திருந்தார்கள். கை தட்டினார்கள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஓரமா நில்லுங்கப்பா, ரெண்டு ரோடு ரோலர் வருது!" என்று கத்தினேன்.

ரெண்டு.

அவ்வளவு பேரும் ரெண்டாவதைப் பார்த்தார்கள்.

அன்பு நின்றாள். திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தாள். பின்னாலேயே போனேன். படியேறும்போதுதான் வாய் திறந்தாள்.

"உங்களச் சொல்லிக்கிட்டீங்க, சரி. என்னையும் ஏம்ப்பா சேத்தீங்க?"

சும்மா தமாசுக்குடா கண்ணுன்னேன். அதச் சொல்லும்போதே நல்லா இல்ல.

டிசம்பர் 19, வியாழன்

ஷூ கட்டிலுக்கு அடியில். ரூமிலும் சத்தமில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

கோமளம் மாமி மறுபடியும் மேலே வந்தார். "ஃபேன் ஆடவே இல்லையே, கொழந்தைக்கு உடம்பு சரியில்லையா?"

டிசம்பர் 21, சனி

பள்ளிக்கூடத்தில் 'குண்டு ரகு' என்று யாராவது கூப்பிடுவதற்குள் நானே கூப்பிட்டுக்கொள்வேன். கடையிலும் அதே வித்தை. கஸ்டமர் என் வயிற்றைப் பார்க்க ஆரம்பிக்கும்போதே, "எனக்கே பொருந்துதுன்னா உங்களுக்குப் பொருந்தாதா சார்?" என்பேன். பேன்ட் விற்றுவிடும். ப்ளஸ் டூவோடு படிப்பு நின்றவனுக்கு வாய்தான் முதல்.

ஆனால் அன்பு அப்படி இல்லை. தன்னைத் தானே கேலி செய்துகொண்டு அவள் தப்பித்ததே கிடையாது. வலித்தால் வலித்தது என்று கதவைச் சாத்திக்கொள்வாள், அவ்வளவுதான். யோசித்தால் அதில் ஒரு மரியாதை இருக்கிறது. தனக்குத் தானே கொடுத்துக்கொள்கிற மரியாதை. எனக்கு அது வரவே இல்லை.

சாயங்காலம் மன்னிப்பு மாதிரி ஏதோ உளறினேன். இனிமேல் உன்னைச் சொல்ல மாட்டேன், என்னை மட்டும் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

"உங்களயும் சொல்லாதீங்கப்பா. கேக்க நல்லா இல்ல."

இத்தனை வருஷத்தில் என்னிடம் இதை யாருமே சொன்னதில்லை.

டிசம்பர் 23, திங்கள்

அவள் வரவில்லை. நான் மட்டும் போனேன். சல்யூட் இல்லை, வசனம் இல்லை. வாயை மூடிக்கொண்டு, சும்மா ஓடுவது.

அப்பப்பா! தமாஷ் பண்ணிக்கொண்டே ஓடும்போது வேஷம் போட்ட மாதிரி, பார்க்கிறவர்கள் வேஷத்தைத்தான் பார்க்கிறார்கள். இன்றைக்கு சட்டையே இல்லாமல் ஓடுகிற மாதிரி இருந்தது. என் மூச்சிரைப்பு எனக்கே கேட்டது. தொப்பை ஒரு தாளம், கால் ஒரு தாளம்.

டீக்கடையில், "இன்னா தலீவா, இன்னிக்கு காமெடி கிடையாதா?"

நாக்கு நுனி வரை பதில் வந்தது. விழுங்கினேன். அந்தக் கடையைத் தாண்டுகிற தூரம் மாதிரி நீளமான ரோடு மெட்ராஸில் வேறு இல்லை.

அன்பு ரெண்டு மாதமாக எதற்குப் பயந்தாள் என்று இன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

டிசம்பர் 24, செவ்வாய்

ஓடினேன். "உடம்பு சரியில்லியா ரகு?" என்று பாஷா கேட்டார்.

டிசம்பர் 26, வியாழன்

ஓடினேன். டீக்கடையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வந்து படி ஏறும்போது பார்த்தேன், பால்கனியில் அன்பு. உடனே உள்ளே போய்விட்டாள்.

டிசம்பர் 27, வெள்ளி

தெருவைத் தாண்டவில்லை, பின்னால் ஷூ சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது பேசிவிடுவேன் என்று என் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை.

பக்கத்தில் வந்தாள். பிறகு தாண்டிப் போனாள். இத்தனை நாள் நான் பக்கத்திலேயே இருந்ததால் அவள் ஓடுவதை நான் பார்த்ததே இல்லை. இன்றைக்குத்தான் பின்னாலிருந்து பார்த்தேன்.

நன்றாக ஓடுகிறாள். பெற்றவன் என்பதால் சொல்லவில்லை. கோலத்துக்குக் கோலம் எட்டை மாற்றி வைக்கிறாள், ஒரு கோட்டில்கூடக் கால் படவில்லை. அந்த உடம்பை அவள் தூக்கிக்கொண்டு ஓடவில்லை, அந்த உடம்பே ஓடுகிறது. பின்னல் முதுகில் இப்படியும் அப்படியும் அடித்துக்கொள்கிறது. கோமளம் மாமி கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்து, அவள் முனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. மாமி ஒன்றும் சொல்லாமல் இருந்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 2, வியாழன்

எழுதியே ஆக வேண்டும்.

டீக்கடை பெஞ்சில் ஒருத்தன், புது ஆள், முப்பது வயசிருக்கும். அன்பு தாண்டும்போது பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "மச்சி, பூமி அதிருதுடா!" என்றான். ரெண்டு பேர் சிரித்தார்கள்.

நான் கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருந்தேன். எனக்கு ரத்தம் கொதித்தது. அதே சமயம் நாக்கும் அரித்தது. ஒரே ஒரு தமாஷ் சொல்லி எல்லார் பார்வையையும் என் பக்கம் இழுத்துவிடலாம். அதற்குள் அன்பு நின்றுவிட்டாள். திரும்பி நடந்து வந்து நேரே அவன் முன்னால் நின்றாள். போச்சு, அழப்போகிறாள், இதோடு ஓட்டம் முடிந்தது என்று நினைத்தேன்.

"அண்ணா, எனக்கு மூச்சு வாங்குது, அதனால மெதுவாதான் சொல்ல முடியும். நான் நாளைக்கும் வருவேன். நாளன்னைக்கும் வருவேன். தெனம் வருவேன். தெனம் புதுசா ஒண்ணு யோசிச்சுச் சொல்லணும்னா கஷ்டம் உங்களுக்குத்தான்."

அவ்வளவுதான். திரும்பி ஓடிவிட்டாள்.

டீ மாஸ்டர் டபராவோடு சிரித்த சிரிப்பில் பால் சிந்தியது. "இன்னாடா, நாளைக்கு இன்னா சொல்லப் போற? இப்பவே ரெடி பண்ணிக்கோ!" அந்த ஆள் டீயை ஊதிக்கொண்டே இருந்தான். அது ஆறிப்போன டீ.

நான் கடையைத் தாண்டி நடந்தேன். ஓடவே மறந்து போச்சு. இது யாரு? எம் பொண்ணா? அழுகையும் இல்லை, கோபமும் இல்லை, தன்னை மட்டம் தட்டிக்கொள்ளவும் இல்லை. எந்த ரகத் துணி இது, என் கடையில் இப்படி ஒன்றை நான் விரித்ததே இல்லையே.

ரத்னாவிடம் சொன்னேன். மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

ஜனவரி 12, ஞாயிறு

பொங்கல் வியாபாரம், மூச்சு விட நேரமில்லை. ஆனாலும் காலையில் கலங்கரை விளக்கம் வரை போனோம். சாந்தோம் சர்ச் தாண்டியதும் அவள் என்னை விட்டுப் போய்விட்டாள். நான் போய்ச் சேரும்போது மணலில் கால் நீட்டி உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை, தலை கலைந்து, கன்னம் சிவந்து. போட்டோ எடுக்கட்டுமா என்றேன். வழக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், "எடுங்கப்பா" என்றாள்.

ஜனவரி 17, வெள்ளி

முட்டி வலி. டாக்டர் ஒரு வாரம் ஓடக் கூடாது என்றார். அன்புக்கு ஆபீஸில் காலை மீட்டிங்காம், அவளும் போகவில்லை. தனியாக என்றால் போக மாட்டாளோ? கேள்வி வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

ஜனவரி 23, வியாழன்

சாயங்காலம் ஆறரை இருக்கும். கடையில் ஒருவருக்கு சட்டைத் துணி காட்டிக்கொண்டிருந்தேன். பாஷா போன்.

"ரகு, உன் பொண்ணு இப்ப நம்ம ஸ்டாண்டத் தாண்டி கச்சேரி ரோட்டுல ஓடிக்கினு போவுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறரை மணிக்கு கச்சேரி ரோடா? பஸ், பைக், பூக்கடை, கோயிலுக்குப் போகிற கூட்டம், ஸ்கூல் விட்டு டியூஷன் போகிற பிள்ளைகள், டீக்கடையில் உட்கார இடம் இல்லாமல் நிற்பவர்கள். ஊர் மொத்தமும் தெருவில் இருக்கிற நேரம் அது.

"கூட யாரு?"

"யாரும் இல்ல. அது மட்டுந்தான்."

"யாராச்சும் எதுனா சொன்னாங்களா?"

"சொல்றதுக்கு இன்னா கீது? அது பாட்டுக்கு ஓடிச்சு, நாங்க பாட்டுக்கு டீ குடிச்சோம். வழியில நின்ன ரெண்டு பேரு ஒதுங்கினாங்க. சரி வைய்யி, சவாரி வருது."

போனைக் கையில் பிடித்தபடியே நின்றிருக்கிறேன். சட்டைத் துணி கவுன்டரிலிருந்து சரிந்து தரையில் கிடந்தது. சூப்பர்வைசர் வந்துவிட்டார். "என்ன ரகு, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?"

"பொண்ணு சார். கச்சேரி ரோட்டுல ஓடிக்கிட்டு இருக்காளாம்."

பதறிப்போனார். "ஐயோ, யார் துரத்தறாங்க?"

"யாரும் துரத்தல சார்," என்றேன். "சும்மாதான் ஓடறா."