கற்பூரச் சத்தியம்

ஜூலை 6, 2025 – ஞாயிறு

புக்கிட் ரோத்தான் கோவில் மண்டபத்தில் மூன்றாவது வகுப்பு. பதினான்கு பேர். பெண்களுக்குத் திலகா அக்கா, பையன்களுக்கு நான். காதல், கோபம், மரியாதை – இதையெல்லாம் இந்த ஊரில் வேறு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

"காதலி போன் பாஸ்வேர்டு தரமாட்டேன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டேன்.

"வேற ஆள் செட் ஆயிருச்சுன்னு அர்த்தம் லா அண்ணே!" என்றான் ஜீவன். செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுகிறவன், இருபத்தொரு வயது. மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன்?

இதை நடத்த எனக்கு என்ன தகுதி என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

ஜூலை 7

காரில் பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பையை வைத்தேன். சீட் பெல்ட் மணி அடித்தது. ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறது. பையைப் பின்னால் போட்டேன். நான் வேலை செய்யும் ரவாங் ஃபேக்டரி வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை 9 – புதன்

ஜீவன் அன்பரசியை அறைந்துவிட்டான். அவளும் எங்கள் வகுப்புதான். கோல சிலாங்கூர் பேரங்காடியில் கல்லாவில் இருக்கிறாள். அடுத்த மாதம் இருவருக்கும் நிச்சயம். வீடியோ கால் எடுக்கவில்லையாம். கார் நிறுத்துமிடத்தில், கூட வேலை செய்கிறவர்கள் பார்க்க அடித்திருக்கிறான். உதடு கிழிந்திருக்கிறது.

போலீஸில் புகார் கொடுக்கலாம் என்றார் திலகா அக்கா. அன்பரசியின் அம்மா புனிதவதி கையெடுத்துக் கும்பிட்டார். "ஒரு அறதானே. ஊரக் கூட்டாதீங்க. ஆம்பளைக்குக் கோவம் வரத்தான் செய்யும்."

கோவில் தலைவர் அப்பளசாமி முடிவு சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் ஜீவன் அம்மன் முன்னால் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்வான். அதோடு விஷயம் முடிந்ததாம்.

முடிந்ததாம்!

ஜூலை 10

எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் என் தங்கை தனுஜா ரவாங்கில் இருக்கும் புருஷன் வீட்டிலிருந்து வந்தாள். விரல் ஒடிந்திருந்தது. ஒன்பது நாள் எங்கள் வீட்டில் இருந்தாள். இதே அப்பளசாமி, இதே சன்னிதி. அவள் புருஷன் கற்பூரத்தில் அடித்தான், "இனிமே கை வைக்க மாட்டேன்" என்றான். அழக்கூடச் செய்தான். அம்மா நம்பினாள். நான் நம்பினேனா? இல்லை. பிரச்சினை என் வீட்டைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். ரவாங் சிக்னலில் கேட்டாள்: "அண்ணா, சும்மா ஒரு ரவுண்டு சுத்திட்டுப் போவோமா?"

"ஷிஃப்ட் இருக்கு லா" என்றேன்.

இருபத்து மூன்றாம் நாள் பிணவறையில் அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள்.

ஜூலை 11 – வெள்ளி

காலையில் புனிதவதி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வாசலிலேயே நின்று கேட்டார். "அது ஒங்க வீட்டுத் தலையெழுத்து தம்பி. ஜீவன் அப்படிப் பையன் இல்ல." கதவைச் சாத்திக்கொண்டார்.

தனுஜாவின் புருஷனும் அப்படிப் பையன் இல்லைதான். எல்லோரும் சொன்னார்கள்.

மாலை. தட்டில் கற்பூரம் எரிகிறது. ஜீவன் கையை ஓங்கினான். அப்படியே இறக்கிவிட்டான்.

"முடியாது தலைவரே."

"என்னடா முடியாது?"

"இனிமே அடிக்க மாட்டேன்னு எனக்கே தெரியாது. அன்னிக்கும் அடிக்கணும்னு போகல, கை போயிருச்சு. ஆத்தா முன்னாடி பொய் சொல்லணுமா?"

அவன் அம்மா முதுகில் குத்தினாள். "சொல்லித் தொலைடா, கற்பூரம் அணையப் போவுது!"

அன்பரசி அவனையே பார்த்தாள். "அப்ப எனக்கு வேணாம்" என்றாள். கத்தவில்லை. எல்லோருக்கும் கேட்டது.

ஜீவனை நான் பாராட்டப்போவதில்லை. கை தானாகப் போகவில்லை, அவன்தான் அடித்தான். ஆனால் அந்தச் சன்னிதியில் முதல்முறையாக ஒருத்தன் பொய் சொல்ல மறுத்ததைப் பார்த்தேன்.

ஜூலை 12

அப்பளசாமி மண்டபச் சாவியை வாங்கிக்கொண்டார். "நல்லா இருந்த பிள்ளைங்களக் கெடுத்துட்டீங்கடா."

நல்லா இருந்த பிள்ளைங்க.

ஜூலை 20 – ஞாயிறு

திலகா அக்கா வீட்டுக் கார் கொட்டகையில் வகுப்பு. ஒன்பது பேர். அன்பரசி புகார் கொடுத்துவிட்டாள். அவள் வருகிற இடத்துக்கு ஜீவன் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவனைப் புதன்கிழமைகளில் தனியாகப் பார்க்கிறேன். போன புதன் வந்தான். அடுத்த வாரம் வருவானா? தெரியாது.

இன்று பையன்களிடம் தனுஜாவைப் பற்றிச் சொன்னேன். ரவாங் சிக்னலையும் சேர்த்து. ஒருவனும் சிரிக்கவில்லை. ஒருவனும் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

மகளைக் கொண்டுவந்து விட்ட புனிதவதி வீட்டுக்குப் போகாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். என்ன வேண்டும் என்று எழுந்து போனேன். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"கல்யாணம் ஆயி இருபத்தாறு வருசம் ஆனவங்களும் உக்காரலாமா தம்பி?"

வேறு நாற்காலி இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன்.