நகர்ந்துவிட்ட கோடு

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? துணி காயப்போட மொட்டை மாடி ஏறாதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

இதைப் போனில் சொல்லத்தான் இரண்டு தடவை கூப்பிட்டேன். "என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று நீங்கள் கேட்டதும், சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். சளி இல்லை. உங்கள் பிள்ளை கண்டுபிடித்ததாக நாம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோமே அந்த மூலக்கூறு, அது அங்கே இருக்கிறது என்று சொல்ல இனி நம்மிடம் ஆதாரம் இல்லை.

பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் வேதியியல் நடத்தியவர் நீங்கள். உங்களிடம் சுற்றி வளைக்க வேண்டியதில்லை. நட்சத்திரங்கள் பிறக்கும் மேகத்தில் தூசித் துகள்களின் மேல் பனி படிகிறது. அதில் ஒட்டிக்கொண்ட கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் அணுக்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு மெத்தனால் ஆகிறது. இன்னும் பெரிய மூலக்கூறுகளும் அந்தப் பனியில்தான் உருவாகின்றன. உள்ளே ஒரு நட்சத்திரம் மூண்டதும் பனி ஆவியாகி, எல்லாம் வெளியே வந்து சுழல்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கே உரிய அலைவரிசைகளில் ரேடியோ அலை வீசும். வரைபடத்தில் அவை கோடுகளாக எழும். அந்தக் கோடுகளை வைத்துத்தான் இது இன்னது என்று சொல்கிறோம். சர்க்கரைக்கு உறவான மூலக்கூறு ஒன்றின் மூன்று கோடுகளை அவர் மலைத் தொலைநோக்கியில் பார்த்தார். நான் இங்கே ஆய்வகத்தில் அந்த மூலக்கூறையே செய்து அதன் கோடுகளை அளந்தேன். மூன்றும் பொருந்தின. அன்று இரண்டு பேரும் போனில் சின்னப் பிள்ளைகள் மாதிரிக் கத்தினோம்.

மூன்றாவது கோடு மட்டும் அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பழைய ரேடியோவில் ஒரு நிலையத்தின் பாட்டுக்கு நடுவே இன்னொரு நிலையத்தின் செய்தி கேட்குமே, அதைப் போல இந்தக் கருவியிலும் வேறு அலைவரிசையில் பலமாக இருக்கும் கோட்டின் நிழல் தப்பான இடத்தில் வந்து விழும். கருவியின் சுருதியைச் சற்று மாற்றிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். மெய்யான கோடு அசையாது, நிழல் நகர்ந்துவிடும். "ஒரு சின்ன சந்தேகம், பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். தொலைநோக்கிக்குப் போகும் வழியில்தான் வண்டி உருண்டது.

ஆய்வகத்தில் பொருந்திவிட்டதே, இனி என்ன சோதனை என்றார் எங்கள் குழுத் தலைவர். நானும் தலையாட்டினேன். உங்கள் பிள்ளையின் பெயர் முதலில் வர வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. கட்டுரை வெளிவந்தது. நீங்கள் வண்ணப் பந்துகளில் அந்த மூலக்கூறைச் செய்து கூடத்தில் அவர் படத்துக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். உங்கள் தெரு மருந்துக்கடைக்காரருக்குக்கூட அந்த நீளப் பெயர் மனப்பாடம்.

போன வாரம் எங்கள் குழுவில் ஒரு பெண்ணுக்குத் தொலைநோக்கியில் நேரம் கிடைத்தது. அவர் செய்யாமல் விட்டுப்போன சோதனையைச் செய்துவிடு என்று நான்தான் கேட்டேன். உறுதியானதும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. கோடு நகர்ந்துவிட்டது அத்தை. அது வெறும் மெத்தனாலின் நிழல். அந்த மாதிரி மேகங்களில் எங்கே பார்த்தாலும் கிடக்கும் மெத்தனால்! மீதி இரண்டு கோடுகளும், எத்தனையோ மூலக்கூறுகளின் கோடுகள் முட்டிக்கொள்ளும் அந்த நெரிசலில், எதனுடையதாகவும் இருக்கலாம். அந்த மூலக்கூறு அங்கே இல்லவே இல்லை என்றாவது சொல்லலாமா என்றால், அதுவும் முடியாது.

இதற்காகவா அந்த மலை ஏறினார் என்று நினைத்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. அவர் சந்தேகப்பட்டது சரிதானே என்று ஆறுதல் சொல்ல வருகிறார்கள். சரியாக இருந்து என்ன செய்ய, ஆள் இல்லையே. வேலைக்குப் போகிறேன், கருவிக்கு முன்னால் உட்காருகிறேன், எழுந்து வருகிறேன். எதிலும் பிடிப்பில்லை.

தலைவருக்கு என் மேல் கோபம். "விட்டுடும்மா, பத்து வருஷத்துக்கு யாரும் அந்தப் பக்கம் திரும்பப் போறதில்ல. போனவர் பேரை எதுக்கு இழுக்கணும்?" என்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்ற அறிவிப்பை இன்று காலை நானே அனுப்பிவிட்டேன். அதிலும் அவர் பெயர்தான் முதலில் இருக்கிறது. உங்களிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், நானும் அனுப்பாமல் இருந்திருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை.

உங்களை விட்டால் எனக்கென்று யாரும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். என்னைத் திட்டுங்கள். பிள்ளை போன பிறகு அவன் பெயரையும் அழித்தவள் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். விடுமுறைக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன், இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை. வா என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். வர வேண்டாம் என்றாலும் அதையும் எழுதிவிடுங்கள் அத்தை. உங்கள் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிற தெம்பு எனக்கு இல்லை.

இப்படிக்கு,
நீங்கள் சம்மதித்தால் இன்னமும்
உங்கள் மருமகள்