முந்தானை நுனியில் மஞ்சள்

ஏளா, இன்று காலை மருமகள் புதுச்சேலை ஒன்றைப் பிரித்து முந்தானை நுனியில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். ஈர மஞ்சளின் வாசமும் புதுத்துணியின் கஞ்சி வாசமும் சேர்ந்து நான் உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும் வந்தன. காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். "என்ன அத்தை, தனியாச் சிரிக்கிய?" என்று கேட்டாள். அவளிடம் சொல்ல ஆரம்பித்தால் அடுப்பில் குழம்பு தீய்ந்துபோகும். அதனால் உனக்கு எழுதுகிறேன். நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. பதில் வராது என்று தெரியும். உயிரோடு இருந்தபோதும் நீ ஒழுங்காகப் பதில் போட்டவள் இல்லை.

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் நர்சிங் முடிக்கப்போகிற நாம் ஆறு பேரும் பட்டமளிப்புக்கு ஒத்திகை பார்த்த கூத்தை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கிறது. வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டு நடக்க வேண்டும் என்று மேட்ரன் சொல்லிவிட்டார். உனக்கு மட்டும் எந்த ஷூவும் சேரவில்லை. பெரியதாழைக் கடற்கரை மணலில் ஓடி வளர்ந்த அகலமான பாதம். கடைசியில் ஓர் ஆண்பிள்ளை ஷூவை வாங்கி, சுண்ணாம்பு பூசி மாட்டிக்கொண்டாய். "மணல்ல ஓடச் சொல்லு, ஓடுதேன். இத மாட்டிக்கிட்டு நடன்னா எங்கன நடக்க?" என்று புலம்பிக்கொண்டே வராந்தாவில் நடந்தாய். வார்டில் படுத்திருந்தவர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

விளக்கைப் பிடிப்பது, உறுதிமொழியை மனப்பாடம் செய்வது, தொப்பியைக் கஞ்சியில் முக்கி விறைப்பாக மடிப்பது எல்லாமே உனக்கு விளையாட்டுதான். ஆனால் படிப்பிலும் நீதான் முதல். அதை ஒரு நாளும் நீ பெரிதாகக் காட்டிக்கொண்டதில்லை. நான் காட்டியிருப்பேன். பதினெட்டு வயதில் உனக்குக் கல்யாணம் ஆனது. அடுத்த வருஷமே கொழும்புக்குப் போன தோணி திரும்பவில்லை, அதில் போன உன் புருஷனும் திரும்பவில்லை. மடத்தில் சேர்ந்து கன்னியாஸ்திரி ஆகிவிடு என்று உன் அப்பா சொன்னாராம். "எனக்கு செபம் வராதுப்பா, வேலதான் வரும்" என்று சொல்லிவிட்டு நீ ஆஸ்பத்திரிக்கு வந்தாய். வந்த நாளிலேயே உடுத்தியிருந்தது வெள்ளைதான்.

எனக்கோ அந்த வெள்ளையில்தான் வம்பே வந்தது. தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையில் கருப்பட்டி வியாபாரம் செய்த என் அப்பா, நான் நர்சிங் படிக்கச் சரி என்று சொல்லியிருந்தார். அம்மா கடைசி வரைக்கும் சரி என்று சொல்லவே இல்லை. எங்கள் தெருவில் வெள்ளைச் சேலை கட்டினவர்கள் யார் என்று உனக்குத் தெரியும். கல்யாணம் ஆகாத பெண்ணை வெள்ளை உடுத்தி, பூவில்லாமல், ஊரே பார்க்க மேடையில் நிறுத்துவதா என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அது வெறும் பிடிவாதம் இல்லை, பயம் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

பட்டமளிப்புக்கு முந்தின வாரம் அம்மா கரி பஸ்ஸில் வந்து இறங்கினாள். பெட்ரோல் கிடைக்காமல் கரியைப் போட்டு பஸ் ஓட்டின காலம். அம்மாவின் முகமெல்லாம் புகை. வந்ததும் வராததுமாக, "சேலையக் காட்டு" என்றாள். விழாவுக்கென்று ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள். துணிக்குக் கண்ட்ரோல் இருந்ததால் அது போனால் மறு சேலை கிடையாது. முந்தானையில் மட்டும் நீலக் கோடு போட்ட சேலை. அம்மா மடியிலிருந்து மஞ்சள் துண்டை எடுத்து, எச்சில் தொட்டு, நான் தடுப்பதற்குள் அந்த நீலக் கோட்டுக்குக் கீழே நுனியில் அழுத்தித் தேய்த்துவிட்டாள். "இப்பத்தான் மனசு ஆறுது" என்றாள்.

அத்தோடு விட்டிருந்தால் சரி. விழாவில் என்னென்ன நடக்கும் என்று கேட்டாள். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லிவிட்டேன். முதலாவதாக வந்தவளுக்கு மேட்ரன் பேட்ஜ் குத்துவார்; மற்ற எல்லாருக்கும் அந்த முதலாமவளே குத்த வேண்டும், அது நம் பள்ளியின் வழக்கம். முதலாமவள் யார் என்று கேட்டாள். அப்போது நீ பானையிலிருந்து அம்மாவுக்குத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாய்.

"தாலியறுத்தவ கையால எம் மவளுக்கு மொதல் மங்கலமா? எவ குத்துனாலும் குத்தட்டும், அவ குத்தக் கூடாது. அவ கை ஒம் மேல பட்டுச்சுன்னா அங்கனயே கையப் புடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன், பாத்துக்கிடு!"

அம்மா சொன்னால் செய்வாள். பேட்ஜ் குத்தாதவளுக்குச் சான்றிதழ் கிடையாது, சான்றிதழ் இல்லாதவளுக்கு வேலை கிடையாது. ஊரில் தாய்மாமன் மகன் கல்யாணத்துக்குக் காத்துக்கொண்டிருந்தான். என் படிப்பு முழுவதும் அந்த ஒரு ஊசியில் வந்து நின்றது. நீ செம்பைக் கொண்டுவந்து அம்மாவின் பக்கத்தில் வைத்தாய். "வெயில்ல வந்திருக்கிய, குடிங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய்.

அம்மா போன பிறகு எனக்கு மேட்ரனின் நினைப்பு வந்தது. சேலைகளை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார், ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் மேடை கிடையாது. மஞ்சளைப் போக்கிவிடலாம் என்று சவுக்காரத்தைப் போட்டு அந்த இடத்தைத் தேய்த்தேன். மூன்று வருஷம் நர்சிங் படித்தவளின் புத்தியைப் பார். மஞ்சளில் சவுக்காரம் பட்டால் என்ன ஆகும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சேலை சிவந்து, அந்தச் சிவப்பு ஒரு முழ அகலத்துக்குப் பரவியது. தொட்டியடியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

நீ வந்து எட்டிப் பார்த்தாய். "ஏளா, இங்கன என்ன, ஆடு கீடு வெட்டுனியா?" என்று கேட்டுவிட்டு அப்படிச் சிரித்தாய். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நீ சமையலறையில் போய்ப் புளித்தண்ணீர் கரைத்து வந்து ஊற்றினாய். சிவப்பு மறுபடியும் மஞ்சளானது. நன்றாக அலசி, மொட்டை மாடியில் விரித்தாய். "மஞ்சளுக்கு வெயிலு ஆகாது. நம்ம ஊருல வெயிலுக்கா பஞ்சம்?" என்றாய். சாப்பாட்டு நேரத்தையெல்லாம் விட்டுவிட்டு மேலே ஓடி ஓடித் தண்ணீர் தெளித்தாய். உப்பளத்து வெளிச்சம் கண்ணைக் கூசும் அந்த மாடியில் இரண்டு பகல் கிடந்து கறை வெளுத்தது.

நுனி மட்டும் வெளுக்கவில்லை. பார்த்தால், நீ அந்த நுனியை மடித்து அதன் மேல் செங்கல்லை வைத்திருந்தாய். எனக்குப் புரியவில்லை. "அதையும் விரிச்சு விட்டா போயிரும்லா?" என்று கேட்டேன்.

"போயிரும். அதுக்குத்தான் மூடி வச்சிருக்கேன். அது ஒங்க அம்ம வச்சதுளா."

"ஒன்னைய அந்தப் பேச்சு பேசிட்டுப் போயிருக்கா!"

"அது வேற, இது வேற" என்றாய். கோபமோ வருத்தமோ உன் குரலில் இல்லை. காய்ச்சல்காரருக்கு மருந்து அளக்கும்போது பேசுவாயே, அந்தக் குரல். அந்த நிமிஷத்தில் எனக்கு உன் காலில் விழலாம் போல இருந்தது. விழுந்திருந்தால் அந்த ஷூவைக் காட்டிச் சிரித்திருப்பாய்.

சேலைப் பரிசோதனை அன்று மேட்ரன் நுனியைப் பிடித்துத் தூக்கினார். சீமைக்காரி, ஆனால் தமிழ் நம்மைவிடச் சுத்தமாகப் பேசுவார். அதுதான் நமக்குப் பயம். "இது என்ன கறை?" என்றார். நான் வாயைத் திறக்கும் முன் நீ முன்னால் வந்து நின்றாய்.

"கறை இல்ல மேடம். புதுச்சேலைக்குத் தாயார் வச்ச மஞ்சள். முந்தானைய உள்ளுக்குச் செருகிட்டா தெரியாது."

"தெரிந்தால்?"

"மேடையில மஞ்சள் தெரிஞ்சா நான் யாருக்கும் பேட்ஜ் குத்தல. வேற யாரையும் வச்சுக் குத்திக்கிடுங்க."

மேட்ரன் சேலையை மடித்தார். "அப்படியே ஆகட்டும்" என்று சேலையை என்னிடம் கொடுத்தார். முதலாவதாக வந்ததற்கு உனக்குக் கிடைத்த மரியாதை, மற்றவர்களுக்குப் பேட்ஜ் குத்துவது ஒன்றுதான். அதை எடுத்து, உன்னை வேண்டாம் என்று சொன்னவள் தடவிய மஞ்சளுக்குப் பணயமாக வைத்துவிட்டாய். இத்தனை வயதுக்கு எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அந்த மனசை வேறு யாரிடமும் பார்க்கவில்லை.

விழா சாயங்காலம், ஆஸ்பத்திரி மைதானத்துப் பந்தலில். அம்மா முன்வரிசையில் வந்து விறைப்பாக உட்கார்ந்தாள். உடுத்தித் தயாரானதும் நான் அவளிடம் ஓடிப்போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். சிவந்தது, நீ வெளுக்க வைத்தது, செங்கல், மேட்ரனிடம் நீ கொடுத்த வாக்கு எல்லாவற்றையும். "எங்க, காட்டு" என்றாள் அம்மா. இடுப்பிலிருந்து நுனியை எடுத்துக் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தாள். "போ, கூப்பிடுதாவ" என்றாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒன்றும் பிடிபடவில்லை.

முதலில் மேட்ரன் உனக்குப் பேட்ஜ் குத்தினார். பெரியதாழையிலிருந்து யாரும் வரவில்லை, ஆனாலும் நீ கூட்டத்தைப் பார்த்து, எல்லாரும் உன் ஜனம் என்கிற மாதிரி சிரித்தாய். என்னைக் கூப்பிட்டார்கள். மேடைப் படியில் ஏறினேன். அந்த நேரம் பார்த்துக் கடற்காற்று பந்தலைத் தூக்கியது. முந்தானை இடுப்பிலிருந்து உருவிக்கொண்டு முதுகுப் பக்கம் போய்விட்டது. ஒரு கையில் விளக்கு, அது அணையாமல் மறைக்க இன்னொரு கை. நுனி மடிப்பு பிரிவது எனக்குத் தெரிகிறது, என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. நீயும் பார்த்துவிட்டாய். ஊசியைத் திறந்து வைத்திருந்த உன் கை அப்படியே நின்றது.

அம்மா எழுந்தாள். கூட்டத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்க அவள் மட்டும் எழுந்து விறுவிறுவென்று மேடைக்கு வந்தாள். முடிந்தது, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். உன் முகமும் வெளுத்துவிட்டது. ஒரு அடி பின்னால் நகர்ந்தாய். மேட்ரன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

அம்மா என் பின்னால் வந்து நின்றாள். பறந்த முந்தானையை எட்டிப் பிடித்து, மஞ்சள் நுனியை உள்ளங்கைக்குள் சுருட்டிக்கொண்டாள். முன்னால் கொண்டுவந்து என் இடுப்பில் ஆழமாகச் செருகி, அதன் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு உன்னைப் பார்த்தாள்.

"ஏளா, என்னத்துக்கு நிக்க? நான் புடிச்சிருக்கேன். நீ குத்து."

நீ குத்தினாய். அவசரத்தில் ஊசி முதலில் என் தோளில் இறங்கியது. அந்த வலி எனக்குத் தெரியவே இல்லை.

அன்றோடு அம்மா அடியோடு மாறிவிட்டாள் என்று சொன்னால் பொய். மற்ற விஷயங்களில் அவள் பழைய அம்மாவாகவேதான் இருந்தாள். ஆனால் கருப்பட்டி வரும்போதெல்லாம் உனக்கென்று ஓர் ஓலைக்கொட்டான் நிறையத் தனியாக வந்தது. "பெரியதாழைக்காரிக்கு" என்றுதான் சொல்வாள். உன்னை வேறு எந்தச் சொல்லாலும் அவள் பிறகு சொன்னதில்லை. நீ கடற்கரை ஊர்களில் பிரசவம் பார்க்கப் போய்விட்டாய், நான் டவுன் ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டிலேயே தங்கிவிட்டேன். வருஷத்துக்கு ஒரு தரம் பார்த்தாலே அதிகம்.

உன்னிடம் ஒரு காரியத்தை நான் சொன்னதே இல்லை. சொன்னால் கேலி செய்வாய். ஆனால் வேலையில் இருந்த காலம் முழுவதும் செய்தேன். பிள்ளை பிறந்ததும் துணியில் சுற்றி வெளியே கொண்டுவருவேன். வாசலில் சொந்தபந்தமெல்லாம் கையை நீட்டிக்கொண்டு நிற்கும். எல்லாருக்கும் பின்னால், சுவரோடு ஒட்டிக்கொண்டு, வெள்ளைச் சேலையில் ஒருத்தி நிற்பாள். அத்தையோ பெரியம்மாவோ, யாரோ ஒருத்தி. மற்றவர்களை விலக்கிக்கொண்டு நேரே அவளிடம் போவேன். "நான் வேண்டாம்மா" என்பாள். பின்னால் யாராவது முணுமுணுப்பார்கள்.

"கைய நீட்டுங்க" என்று சொல்லி, பிள்ளையை முதலில் அவள் கையில்தான் கொடுப்பேன்.