ஃபைலின் முதல் பக்கம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ரப்பர் எழுதுகிறேன். நீயும் உன் மகளும் சௌக்கியம்தானே? நானும் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. துணி வெட்டும்போது கட்டைவிரல் மூட்டு மறுபடி நழுவிவிட்டது. "மாசத்துக்கு ஒரு கூத்தா உனக்கு?" என்றாள் தையல்கடை முதலாளியம்மா. இன்னொரு முறை லீவு கேட்டால் வேறு ஆள் பார்ப்பாளாம்.

எதிர்வீட்டு பிசியோதெரபி பெண் என் விரலைப் பார்த்ததுமே, "மூட்டு இவ்ளோ வளையறதே ஒரு நோய்தான்க்கா, மூட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள். அதற்கு இங்குள்ள டாக்டர் கடிதம் தர வேண்டும். போய்க் கெஞ்சினேன். நீ உன் கிளினிக்கிலிருந்து அனுப்பிய என் பழைய ஃபைலைத் திறந்தார், முதல் பக்கத்தைப் படித்தார், மூடினார். "எக்ஸ்ரே நல்லா இருக்கும்மா. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க." இவர் நாலாவது டாக்டர். ஒருவர்கூட என் கையைத் தொட்டுப் பார்க்கவில்லை. பதினெட்டு வருடமாகக் கிளினிக்கில் சீட்டு எழுதுகிறாயே, எப்படிக் கேட்டால் தருவார்கள் என்று சொல்லேன்.

உன் ரப்பர்


மார்ச் 15

அன்புத் தங்கச்சி,

கடிதம் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. டாக்டர் முன்னால் அழுது தொலைக்காதே, அழுதால் அவர்களுக்குக் காது கேட்காது. சின்ன வயதிலிருந்தே நீ பயந்தாங்கொள்ளி. கட்டைவிரலை மணிக்கட்டில் மடக்கி வித்தை காட்டி 'ரப்பர்' என்று பேர் வாங்கியவள், மூட்டு வலிக்கிறது என்றால் யாரடி நம்புவார்கள்? கோபிக்காதே.

என் பாப்பா உன் அச்சு. இதோடு வைத்திருக்கும் போட்டோவில் அவள் முழங்கால் பின்னால் வளைவதைப் பார். கால் வலி என்கிறாள். எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடத்தான். அடுத்த மாதம் எங்கள் டாக்டரிடம் காட்டுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன். வலது தோளும் இறங்கிவிட்டது. வேலை போயிற்று.

ஃபைலைக் கேட்டு வாங்கிப் படித்தேன். முதல் பக்கத்தில், பன்னிரண்டு வருடத்துக்கு முன் உங்கள் கிளினிக் டாக்டர் எழுதியது: "சிறுவயது முதல் பயந்த சுபாவம். சிறு வலிக்கும் அழுவார். தகவல்: அக்கா."

நாலு பேரும் படித்தது உன்னைத்தான். அவர்கள் காலில் விழாத குறையாக நின்றேனே!

எனக்கு இனி எழுதாதே. பாப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனால் நீ வாயைத் திறக்காதே. வலியை அவளே சொல்லட்டும்.


ஏப்ரல் 19

என் கண்ணு,

நான்தான் சொன்னேன். அன்றைக்கு ஒரே கூட்டம். அவர் உன்மேல் எரிந்து விழக்கூடாதே என்று, "பயந்த பொண்ணு டாக்டர், பார்த்துப் பேசுங்க" என்றேன். நல்லதென்று நினைத்துத்தான் சொன்னேன். அந்த வரியை அடித்துவிடச் சொல்லி நேற்றுக் கேட்டேன். "எழுதினது எழுதினதுதாம்மா" என்கிறார்.

பாப்பாவையும் நேற்றுத்தான் காட்டினேன். நீ சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. அவளேதான் பேசினாள். படி இறங்கும்போது முழங்கால் கழன்று கழன்று மாட்டுகிறது என்றாள். பொய்யில்லையடி, என்னிடம்கூட அவள் அப்படிச் சொன்னதில்லை. டாக்டர் அவள் ஃபைலைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

போன வருடம் காய்ச்சலுக்குக் கூட்டிப்போனபோது நான் சிரித்துக்கொண்டே சொன்னது, முதல் பக்கத்திலேயே இருக்கிறது: "சித்தியைப் போலவே பயந்த சுபாவம். தகவல்: தாய்."

ஃபைலை மூடிவிட்டார். முழங்காலைத் தொடவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாப்பா நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சித்திக்கு எழுத வேண்டும், விலாசம் கொடு என்கிறாள். கொடுத்துவிட்டேன். எனக்கு வேண்டாம், அவளுக்காவது பதில் போடு.

அக்கா