மேலே ஏற வந்த பாறை

லினெயோவின் அம்மாவுக்கு,

நீயும் பிள்ளையும் ஆடுகளும் சுகந்தானே? நான் சுகம்.

சுரங்கத்தில் நிலக்கரி அடுக்கை வெட்டிக்கொண்டே போனோம். திடீரென்று எதிரே கருங்கல் சுவர். என்றோ உருகிய பாறை கீழிருந்து ஏறி, அடுக்கையெல்லாம் வளைத்துத் தூக்கி, அங்கேயே இறுகிவிட்டிருக்கிறது. அதையொட்டிய கூரைக்குப் பிடிப்பு கிடையாது. கொஞ்சம் சரிந்து எங்கள் வழியை அடைத்துவிட்டது. பயப்படாதே, எங்களைத் தோண்டி எடுத்துவிட்டார்கள்.

உள்ளே அடைபட்டிருந்தபோது, கூட இருந்த மோலெஃபி அந்தச் சுவரைத் தட்டி, "இவனும் மேல போகத்தான்டா வந்திருக்கான். பாதியிலயே மாட்டிக்கிட்டான், பாவம்" என்றான். சிரித்தோம்.

மோலெஃபி வேலையை விட்டு நம் லெசோத்தோவுக்கே திரும்புகிறான். இதை அவனிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு நாளைக்கும் அதே சுவரருகில்தான் வேலை.

அவனை ஏற்றிப்போகும் வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். வீட்டில் நீ கட்டும் புது அறைக்கு ஒரு கதவு போதும் என்றேனே, அது வேண்டாம். எதிர்ச்சுவரிலும் ஒன்று வை. குளிர் வந்தால் வரட்டும்.

லினெயோவின் அப்பா